அட்வொகேட் ஜெனரல் பதவியைத் துறந்தவர்

மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் செல்வோரில் எத்தனை பேருக்கு அங்கே வாழ்ந்த ஸ்ரீமான் எஸ். சீனிவாச ஐயங்காரின் ஞாபகம் வருகிறது? 1874-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்து, சென்னை ஹைக்கோர்ட்டில் முதல் வரிசை வக்கீலாக உயர்ந்து, 1916-ல் மாகாணத்தின் அட்வொகேட் ஜெனரலானவர் அவர். அவருடைய மாமனார் வெ. பாஷ்யம் ஐயங்காரே அந்த ஸ்தானத்தைத் தற்காலிகமாகவேனும் முதலில் வகித்த இந்தியர்.

சர்க்காரின் தலைமை வக்கீல் ஸ்தானம் எத்தகையது என்பதைத் தொழிலிலிருக்கும் நாம் அறிவோம். கௌரவமும் வருமானமும் மாத்திரமல்ல, ஜட்ஜ் ஆசனத்திற்கும் அதுவே படி. ஒத்துழையாமைக் கிளர்ச்சி எழுந்த 1920-ல் அதனை அவர் ராஜிநாமாச் செய்தார், ஸி.ஐ.இ. பட்டத்தையும் சர்க்காருக்கே திருப்பிவிட்டார். நம்மில் பலர் ஒரு சிறு கேஸை விடுவதற்கே பத்து நாள் யோசிப்போம்!

1926-ல் கௌஹாத்தி காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தார். அவ்வாண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டசபையில் சுயராஜ்யக் கட்சியே பெரிய கட்சியாக வந்தும் மந்திரி பதவியை ஏற்கவில்லை. 1928-ல் நேரு கமிட்டி டொமினியன் அந்தஸ்துடன் திருப்தியடைந்தபோது, பூரண சுதந்திரமே வேண்டுமென்று ஜவாஹர்லால், சுபாஷ் ஆகிய வாலிபர்களுடன் நின்றார். பின்னர் அரசியலிலிருந்து ஒதுங்கி, மெய்னின் ஹிந்து சட்ட நூலைத் திருத்திப் பதிப்பித்தார்.

1941-ல் காலமானார், சுதந்திரத்தைக் காணவில்லை. அவருடைய புதல்வி அம்புஜம்மாள் 1948-ல் ஸ்தாபித்த மாதர் சேவை ஸ்தாபனத்திற்குச் சீனிவாச காந்தி நிலயம் என்று பெயர்.