தோட்டத்திலிருந்து கடல்வரை

என் பாட்டி சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையிலிருந்த ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவினார். மிதிவண்டியில் போகக்கூடிய தூரத்தில்தான் கடல். ஆனாலும் சிறுமியாகக் கப்பலில் வந்திறங்கிய பின்னர், அவர் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை. விடியுமுன் பெரட்டில் நின்றவர்களுக்கு ஆற்றோரமும் கடலோரமும் உலாவும் இடங்களாக இருந்ததில்லை. அவர் நடக்காத வழிகளில் நான் விடுமுறை நாள்களில் நடக்கிறேன், மிதிவண்டியும் ஓட்டுகிறேன். நண்பர்களே, நீங்களும் சென்றுவர அவ்வழியைச் சொல்கிறேன்.

தொடக்கம் சிரம்பான் ஏரிப் பூங்கா. இரண்டு ஏரிகளையும் சுற்றி நடக்கலாம். அருகிலுள்ள மாநிலப் பள்ளிவாசல் 1967இல் திறக்கப்பட்டது. அதன் ஒன்பது தூண்கள், 'ஒன்பது நாடுகள்' என்று பொருள்படும் நெகிரி செம்பிலானின் பெயரை நினைவூட்டுகின்றன.

சிரம்பான் வழியே ஓடும் லிங்கி ஆறு, மலாக்கா எல்லையிலுள்ள கோலா லிங்கியில் கடலைச் சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் இந்த ஆற்றில்தான் படகேறியது. 1891இல் சிரம்பான்–போர்ட்டிக்சன் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் தோட்டத்து ரப்பரும் துறைமுகம் நோக்கிச் சென்றது. நம்மவர் சீவிய பால் கடலைக் கண்டது; சீவியவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். இன்று அத்தடத்தில் இரயில் ஓடுவதில்லை.

போர்ட்டிக்சனுக்குச் சாலைவழி ஏறத்தாழ 32 கி.மீ. கனரக வண்டிகள் மிகுந்த சாலை என்பதால், மிதிவண்டியைக் காரில் ஏற்றிச் சென்று கடற்கரையில் இறக்கிக்கொள்வது நல்லது. வழியில் லுக்குட்டில், 1847இல் ராஜா ஜுமாட் கட்டிய கோட்டையின் எச்சங்களைக் காணலாம்.

தெலுக் கெமாங் கடற்கரையைத் தாண்டினால் தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் சூழ்ந்திருந்தாலும் இது மலாக்காவுக்குரிய நிலம். காட்டின் நடுவே ஏறும் பாதையில் மிதிவண்டியை விட்டு நடந்து சென்றால், 1863ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம். மார்ச் மாதத்தில் சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் இங்கு வந்து சேரும். அவை நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றில் மிதந்து பறப்பவை. கடல்மேல் அக்காற்று போதிய அளவு கிடைக்காததால், நீரிணை குறுகிய இடத்தில் கடந்து, களைத்துத் தாழப் பறந்து கரையேறுகின்றன.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டில்தான் பாட்டியைத் தெலுக் கெமாங்கிற்கு அழைத்துச் சென்றேன். சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்து, அலையில் காலை நனைத்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு கிட்டவா இருந்துச்சு, ஐயா?" என்று கேட்டார்.

அவர் வாழ்ந்த லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி நிற்கிறது. பால்மரங்களுக்கிடையே சென்ற ஒற்றையடிப் பாதைகளும் மறைந்துவிட்டன. அவை எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்பது முதியவர்களுக்கு மட்டுமே தெரியும். அடுத்த விடுமுறையில் இவ்வழி செல்லும்போது, உங்கள் வீட்டு முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.