மணிக்கூண்டை விலை கொடுத்து மீட்ட ஊர்

கிராட்ஸ் நகருக்குப் புதிதாகப் போகிறவர்கள், மலை மேல் நிற்கும் மணிக்கூண்டை நம்பி ரயிலுக்குப் புறப்பட்டால் ஏமாந்து போவார்கள். பகல் பன்னிரண்டே கால் மணிக்கு அது மூன்று மணி காட்டுவது போலத் தோன்றும். கடிகாரத்தில் பழுது ஒன்றும் இல்லை. அங்கே பெரிய முள் மணியைக் காட்டுகிறது. சின்ன முள் நிமிஷத்தைக் காட்டுகிறது. ஆரம்பத்தில் அதற்கு ஒரே ஒரு முள்தான் இருந்தது. ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் மணி தெரிய வேண்டும் என்று அதை நீளமாகச் செய்தார்கள். நிமிஷக் கணக்குப் பார்க்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. இரண்டாவது முள்ளைச் சேர்த்தபோது, முதல் முள்ளோடு குழம்பாமலிருக்க அதைச் சிறியதாக வைத்துவிட்டார்கள். இன்று வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்திரியா என்றதும் நம்மவர்களுக்கு வியன்னாதான் நினைவுக்கு வரும். மேல்நாட்டுச் சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் மோட்சார்ட் பிறந்த சால்ஸ்பர்க்கைச் சொல்வார்கள். கிராட்ஸைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் அதுதான்; ஸ்டைரியா மாகாணத்தின் தலைநகர். மூர் என்ற ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது. பழைய நகர்ப் பகுதியை 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

அரண்மனையும் மியூசியமும் ஐரோப்பாவில் எந்த ஊரில்தான் இல்லை? கிராட்ஸின் விசேஷம் வேறு. அங்கே இன்று சீட்டு வாங்கிப் பார்க்கிற பொருள்களில் சில, "இதை அழித்துவிடாதீர்கள்" என்று யாரோ கேட்டுக்கொண்டதால், அல்லது கையிலிருந்த பணத்தைக் கொடுத்ததால் மிஞ்சியவை.

செம்மரிங் மலைப்பாதை

வியன்னாவிலிருந்து கிராட்ஸுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அந்தப் பயணமே ஒரு காட்சிதான். நடுவில் செம்மரிங் மலை குறுக்கிடுகிறது. 1844-லேயே மலைக்குத் தெற்கே கிராட்ஸ் வரை ரயில் வந்துவிட்டது. வடக்கே வியன்னாவிலிருந்து மலையடிவாரம் வரையும் ரயில் இருந்தது. நடுவில் மட்டும் பாதை இல்லை. பிரயாணிகள் இறங்கிக் குதிரை வண்டியில் மலையைத் தாண்டி, மறுபக்கம் மறுபடி ரயில் ஏறினார்கள். இந்த அவஸ்தை பத்து ஆண்டுகள் நீடித்தது.

கார்ல் வான் கேகா என்ற எஞ்சினீயர் 1848-ல் வேலையைத் தொடங்கி 1854-ல் முடித்தார். 41 கிலோமீட்டர் பாதையில் 14 சுரங்கங்கள், 16 பெரிய பாலங்கள். வேலை தொடங்கியபோது அந்த ஏற்றத்தில் ஏறக்கூடிய எஞ்சின் உலகத்திலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை. பாதை பாதி உருவான பிறகு 1851-ல் போட்டி வைத்துத்தான் எஞ்சினுக்கு வழி தேடினார்கள். சுமார் 20,000 தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். டைபாய்டு போன்ற விஷக்காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். கண்டாலா மலையில் வண்டி வளைந்து இறங்கும்போது ஜன்னலோரம் இடம் பிடிக்கும் பம்பாய்க்காரர்களுக்கு, இப்படிப்பட்ட பாதைகள் யார் முதுகில் போடப்பட்டவை என்று விளக்க வேண்டியதில்லை. 1998-ல் செம்மரிங் பாதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் இன்றும் வண்டி ஓடுகிறது.

சண்டையில் விழாத கோட்டை

மணிக்கூண்டு நிற்கும் இடத்துக்கு ஷ்லோஸ்பெர்க் என்று பெயர். கோட்டை மலை என்று பொருள். நகரத்தின் நடுவே, சந்தைச் சதுக்கத்துக்கு மேல் சுமார் 120 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. ஏறுவதற்கு 1894-ல் போட்ட இழுவை ரயில் உண்டு. பாறைக்குள் குடைந்த லிப்ட்டும் உண்டு. கால் வலிக்கு அஞ்சாதவர்களுக்கு 260 படிகள். முதல் உலக யுத்தத்தின்போது ரஷ்யக் கைதிகளின் உழைப்பையும் கொண்டு கட்டப்பட்ட படிகள் அவை. அதனால் ஊரார் அதை யுத்தப் படி என்றே சொல்வது வழக்கம்.

மேலே போனால் கோட்டையைக் காணோம்! மரங்களும் பூச்செடிகளும் பெஞ்சுகளும்தான் இருக்கின்றன. காரணம் நெப்போலியன்.

1809-ல் பிரெஞ்சுப் படை கீழே நகரத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் மலைக் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. ஹக்கர் என்ற மேஜர், ஆயிரத்துக்கும் குறைவான ஆட்களை வைத்துக்கொண்டு, தம்மைப் போல் சில மடங்கு பெரிய படையை ஜூன் மாதத்தில் பல நாள் தடுத்து நிறுத்தினார். கோட்டை சண்டையில் விழவில்லை. ஆனால் ஜூலையில் வேறெங்கோ, வாக்ராம் என்ற இடத்தில் ஆஸ்திரியப் படை தோற்றுப் போயிற்று. அக்டோபரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கிராட்ஸ் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஜெயித்தவன் கோட்டையையும் தோற்றவன் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

மதில்களுக்கு வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் கிராட்ஸ் நகர மக்கள் பணம் திரட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொக்கம் கொடுத்து இரண்டே இரண்டு கட்டடங்களை மீட்டார்கள். ஒன்று, நேரம் காட்டும் மணிக்கூண்டு. மற்றொன்று, பெரிய மணி தொங்கும் கோபுரம்.

எதை மீட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரபுக்களின் மாளிகையையோ பீரங்கி மேடையையோ அவர்கள் கேட்கவில்லை. தினசரி வாழ்க்கைக்கு வேண்டியதைக் கேட்டார்கள். மணிக்கூண்டில் மூன்று மணிகள் உண்டு. 1382-ல் வார்த்த பழைய மணி நேரம் அடிக்கும். தீப்பிடித்தால் ஊரை எழுப்ப ஒரு மணி. தூக்கு மேடைக்குக் குற்றவாளியைக் கொண்டு போகும்போது அடிக்க ஒரு மணி. அதுவே பிற்காலத்தில் இரவில் சாராயக் கடைக்காரர்களையும் குடிகாரர்களையும் வீட்டுக்கு அனுப்பும் மணியாயிற்று. கூண்டைச் சுற்றியுள்ள மர நடைபாதையில் தீக் காவலர்கள் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூரையெல்லாம் மரமாக இருந்த காலத்தில் இதைவிட முக்கியமான கட்டடம் வேறு எது?

மற்றக் கோபுரத்தில் தொங்கும் பெரிய மணி 1587-ல் வார்த்தது. ஊராருக்கு அது 'லீசல்'. எலிசபெத் என்பதன் செல்லப் பெயர். எடை நாலரை டன். காலை ஏழு மணி, நண்பகல், மாலை ஏழு மணி என மூன்று வேளையும் 101 முறை அடிக்கிறது. துருக்கியர் சுட்ட 101 பீரங்கிக் குண்டுகளை உருக்கி வார்த்த மணி என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், கேட்க நன்றாக இருக்கிறது.

இடித்த கோட்டை மேட்டை 1839-ல் தொடங்கி ஒரு ராணுவ அதிகாரியே பூங்காவாக மாற்றினார். மலையின் வயிற்றுக்குள் இன்னொரு கதை இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானக் குண்டுகளுக்குத் தப்ப, கைதிகளையும் கட்டாய வேலையாட்களையும் கொண்டு ஆறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள். 40,000 பேர் வரை உள்ளே ஒண்ட இடம் இருந்தது. இப்போது அதன் ஒரு பகுதியில் நாடக மண்டபம் இருக்கிறது. இன்னொரு பகுதியில் குழந்தைகளுக்கான பொம்மை ரயில் ஓடுகிறது.

சிப்பாய்களின் ஸ்டோர்

மலையிலிருந்து இறங்கி ஹெரன்காஸே என்ற கடைத்தெருவுக்கு வந்தால், மாகாண சபைக் கட்டடத்தை ஒட்டி ஆயுதக் கிடங்கு இருக்கிறது. ஒரு நாள்தான் அவகாசம் என்றால், மற்றதை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

துருக்கியப் பேரரசின் எல்லை அக்காலத்தில் ஸ்டைரியாவுக்கு அருகில் இருந்தது. எப்போது படையெடுப்பு வரும் என்று தெரியாது. ஆகவே மாகாணத்தார் ஆயுதம் வாங்கிக் குவித்தார்கள். 1640-களில் அதற்கென்று இந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள். இப்போது ஏறத்தாழ 32,000 பொருள்கள் உள்ளன. மற்ற மியூசியங்களைப் போல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றிரண்டாக வைக்கவில்லை. அன்றைய ஸ்டோர் எப்படி இருந்ததோ அப்படியே, மரச் சட்டங்களில் மாடி மாடியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மாடியில் துப்பாக்கிகள், ஒரு மாடியில் மார்புக் கவசங்கள், மேலே வாள்களும் ஈட்டிகளும்.

பிரபுக்களின் அலங்காரக் கவசங்களும், ஒரு குதிரைக்குத் தலை முதல் வால் வரை செய்த கவசமும் உண்டு. கூட்டம் அங்கேதான் நிற்கும். ஆனால் மனசைத் தொடுவது மற்றவைதான். சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்க்குக் கொடுத்த கறுப்புக் கவசங்கள், வேலைப்பாடு ஒன்றும் இல்லாமல், வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. மாட்டிக்கொண்டவன் குட்டையோ நெட்டையோ, கிடைத்ததைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். யூனிபாரம் வாங்க ஸ்டோர் வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும்.

1749-ல் இந்தக் கிடங்குக்கு ஆபத்து வந்தது. துருக்கியப் பயம் போய்விட்டது. வியன்னாவில் மகாராணி மரியா தெரசா ராணுவம் முழுவதையும் ஒரே நிர்வாகத்தில் கொண்டுவந்து கொண்டிருந்தார். மாகாணத்துக்குத் தனிக் கிடங்கு எதற்கு, கலைத்துவிடலாம் என்று உத்தரவாயிற்று. ஸ்டைரியா மாகாண சபையார் மனுக் கொடுத்தார்கள். எல்லையில் சண்டையிட்ட எங்கள் முன்னோர்களின் ஞாபகார்த்தமாக இது இப்படியே இருக்கட்டும் என்று கேட்டார்கள். மகாராணி சம்மதித்தார். மேலிடத்துக்குப் போகும் மனுக்கள் பொதுவாக எங்கே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். இந்த மனு பலித்தது. பயனற்றுப் போன பழைய சாமானை ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அந்தக் காலத்தில் அபூர்வம்.

மதம் மாறியவரும் மாறாதவரும்

கிரகங்கள் சூரியனைச் சுற்றும் பாதைக்கு விதி கண்ட கெப்ளர், 1594-ல் இந்த ஊருக்குப் பள்ளிக்கூட வாத்தியாராக வந்தார். பஞ்சாங்கம் கணிப்பதும் அவர் உத்தியோகத்தில் ஒரு பகுதி. அவருடைய முதல் பெரிய நூல் 1596-ல் இங்கேதான் உருவாயிற்று. அவர் புராட்டஸ்டன்ட், ஆண்டவரோ தீவிரக் கத்தோலிக்கர். 1600-ல், மதம் மாறச் சம்மதிக்காததால், கெப்ளர் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்.

அதே ஊரில் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்த ஹான்ஸ் உல்ரிக் எகன்பர்க் என்பவர் கத்தோலிக்கராக மாறினார். சக்கரவர்த்தியின் முதல் மந்திரியாக உயர்ந்தார். அவர் 1625-ல் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரின் மேற்கே இருக்கிறது. டிராமில் போகலாம். காலண்டரையே கட்டடமாக்கியது போன்ற அரண்மனை அது. நான்கு மூலைக் கோபுரங்கள் நான்கு பருவங்கள். வெளிப்பக்கம் 365 ஜன்னல்கள். ஒவ்வொரு மாடியிலும் 31 அறைகள். இரண்டாம் மாடியில் விருந்தினருக்கான அறைகள் 24. அவற்றின் ஜன்னல்கள் 52. பெரிய மண்டபத்தின் விதானம் முழுக்கக் கிரகங்களின் ஓவியம். அந்த அறைகளுக்கு மின்சாரம் இழுக்கவில்லை என்பதால் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நல்லது. ஒரு சின்ன அறையின் சுவரில் ஜப்பானிய ஓவியத் திரை ஒன்றைப் பிரித்துப் பதித்திருக்கிறார்கள். 1615-ல் அழிவதற்கு முந்திய ஒசாகா கோட்டையும் நகரமும் அதில் இருக்கின்றன. ஜப்பானிலேயே அத்தகைய படங்கள் மிகச் சில.

வானத்தின் கணக்கைக் கண்டுபிடித்தவர் பெட்டி படுக்கையோடு வெளியேறினார். அந்தக் கணக்கை ஜன்னலாக வைத்துக் கட்டியவர் ஊரில் இருந்தார்.

2003-ல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக கிராட்ஸ் இருந்தபோது, ஆற்றங்கரையில் புதிய கலைக்கூடம் ஒன்று திறந்தார்கள். நீல நிறத்தில் ஏதோ கடல் பிராணி போல உப்பிக்கொண்டு நிற்கிறது. பிடித்தவர்களும் உண்டு, முகம் சுளிப்பவர்களும் உண்டு.

அங்கிருந்து அதே கரையில் தெற்கே நடந்தால் யூதர்களின் ஜெப ஆலயம் வரும். 1892-ல் கட்டிய பழைய ஆலயத்தை 1938 நவம்பரில் நாஜிகள் கொளுத்தி இடித்தார்கள். அந்த நாளில் பணம் திரட்ட யாரும் வரவில்லை, மனுவும் எழுதவில்லை. மணிக்கூண்டை மீட்ட அதே ஊர்தான். இடிந்த ஆலயத்தின் செங்கற்களைக் கொண்டு போய் மோட்டார் கொட்டகை கட்டினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கொட்டகையை இடித்தபோது செங்கற்கள் வெளியே வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். 9,000-க்கும் மேற்பட்ட கற்கள். பழைய அஸ்திவாரத்தின் மேல், அந்தச் செங்கல்லும் கண்ணாடியும் சேர்த்துப் புதிய ஆலயம் எழும்பியது. 2000-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி அதை யூத சமூகத்தாரிடம் ஒப்படைத்தார்கள்.