பழமையைப் பழுதின்றிக் காத்தல்

நுழையும்முன்

மனிதர் செய்த பொருள்களுள் பெரும்பாலானவை பயன் தீர்ந்ததும் குப்பையைச் சேர்கின்றன. சில மட்டும் தம் காலத்தின் அறிவையும் கைத்திறனையும் எடுத்துரைக்கும் சான்றுகளாக எஞ்சுகின்றன. அமெரிக்காவின் பழைய உயர்வகை மகிழுந்துகள் அத்தகையவை. அவற்றைத் தேடிக் கண்டறிவதும் மீட்டெடுப்பதும் எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சாலையில் ஓடிய கலைப்படைப்புகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மகிழுந்துத் தொழில் இரு திசைகளில் வளர்ந்தது. ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' மகிழுந்து எளியோரும் வாங்கத்தக்க விலையில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. மறுபுறம் பக்கார்டு, கேடிலாக், லிங்கன், பியர்ஸ்-ஆரோ, டூசன்பெர்க் முதலிய நிறுவனங்கள் செல்வர்களுக்கென உயர்வகை மகிழுந்துகளைப் படைத்தன. 1928ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் அறிமுகமான டூசன்பெர்க் 'மாடல் ஜே', எட்டு உருளைகளும் 265 குதிரைத்திறனும் கொண்டது என அறிவிக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டில் கேடிலாக் நிறுவனம் பதினாறு உருளைகள் கொண்ட மகிழுந்தை வெளியிட்டது.

'மாடல் ஜே' மகிழுந்தின் இயந்திரம் பொருத்திய அடிச்சட்டகம் மட்டுமே தொடக்கத்தில் 8,500 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதனைக் கூடு கட்டும் கைவினை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்து, தம் விருப்பத்திற்கேற்ப மேற்கூட்டை அமைத்துக்கொள்வது வழக்கம். கலிபோர்னியாவின் பாசடீனா நகரிலிருந்த மர்ஃபி நிறுவனம் இக்கலையில் புகழ்பெற்றது.

1929ஆம் ஆண்டில் பங்குச்சந்தை வீழ்ந்தது. தொடர்ந்து வந்த பொருளாதாரப் பெருமந்தம் இத்தொழிலை முடக்கியது. டூசன்பெர்க் 1937இலும் பியர்ஸ்-ஆரோ 1938இலும் மறைந்தன. 'மாடல் ஜே' வகையில் மொத்தம் ஏறத்தாழ 480 மகிழுந்துகளே உருவாயின. இரண்டாம் உலகப்போரின்போது பழைய ஊர்திகள் பல உலோகத் தேவைக்காக உருக்கப்பட்டன. எனவே, எஞ்சியவை அரியவை ஆயின.

தேடலும் தெரிவும்

இத்தகைய மகிழுந்துகள் இன்று ஏலங்களிலும் ஆர்வலர் சங்கங்களின் வழியாகவும் விற்பனைக்கு வருகின்றன. சில, பல்லாண்டுகளாகப் பூட்டிக்கிடந்த பண்ணைக் களஞ்சியங்களிலிருந்து வெளிப்படுகின்றன. 1935இல் தோன்றிய அமெரிக்கத் தொன்மை மகிழுந்துச் சங்கம் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி நகரில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் பெருங்கூட்டம் நடத்துகிறது. அங்கு முழு மகிழுந்துகளோடு விளக்குகள், அளவுமானிகள், சக்கர மூடிகள் போன்ற பழைய உறுப்புகளும் விற்கப்படுகின்றன.

வாங்க எண்ணுவோர் பளபளப்பைக் கண்டு மயங்குதல் கூடாது. உடைந்த உறுப்பைவிடக் காணாமற்போன உறுப்பே பெருஞ்செலவு வைக்கும். உடைந்தது தன்னைப் போன்ற இன்னொன்றைச் செய்வதற்கு மாதிரியாகும், காணாமற்போனதற்கோ மாதிரியே இல்லை.

இயந்திர உறுப்புகளைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் ஓரளவு எளியது. 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மூன்று கேடிலாக் மகிழுந்துகளை முற்றிலும் பிரித்து, உறுப்புகளை ஒன்றோடொன்று கலந்து, மீண்டும் பூட்டி ஓட்டிக் காட்டினர். ஒரே அளவில் துல்லியமாகச் செய்யப்பட்ட உறுப்பு எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதை அச்சோதனை மெய்ப்பித்தது. ஆயின், கையால் கட்டப்பட்ட மேற்கூட்டிற்கு இவ்விதி பொருந்தாது. ஒரு வண்டியின் கதவு, அதே தோற்றமுடைய மற்றொரு வண்டிக்குச் சரியாக அமையாமற் போகலாம்.

எண்கள் கூறும் உண்மை

மேற்கூடு தனியாகவும் சட்டகம் தனியாகவும் உருவானமையால், பிற்காலத்தில் அவற்றை மாற்றிப் பொருத்துவதும் எளிதாயிற்று. ஒரு வண்டியின் இயந்திரம் வேறொன்றிற்கும், ஒன்றன் கூடு மற்றொன்றிற்கும் மாறியதுண்டு. எனவே, இயந்திரத்திலும் சட்டகத்திலும் பொறிக்கப்பட்ட எண்களை நிறுவனப் பதிவுகளுடனும் பழைய ஒளிப்படங்களுடனும் விற்பனை ஆவணங்களுடனும் ஒப்பிட்டு ஆராய வேண்டும். எல்லாம் பொருந்தினால் மதிப்பு மிகும். மாற்றம் செய்யப்பட்டிருப்பின் அது குற்றமன்று. அதனை மறைத்து விற்பதே குற்றம்.

பிரித்தலும் சேர்த்தலும்

மீட்டெடுப்பின் முதற்பணி பிரிப்பதன்று, பதிவு செய்வது. ஒவ்வோர் உறுப்பையும் அது இருந்த நிலையிலேயே ஒளிப்படம் எடுத்து, பெயர்ச்சீட்டு இட்டு வரிசைப்படுத்த வேண்டும். நெடுங்காலம் ஓடாத இயந்திரத்தை உடனே இயக்குதல் தவறு. உருளைகளுக்குள் உந்துதண்டு துருவால் இறுகியிருக்கலாம். பழைய எரிபொருள் பிசினாகியிருக்கலாம். உருளைகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பின்னர்க் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறையாகும்.

அக்காலத்து மேற்கூடுகள் பலவற்றில் உலோகத் தகட்டிற்கு உள்ளே மரச்சட்டம் இருந்தது. வெளியே வண்ணம் மின்னினாலும் உள்ளே மரம் உளுத்திருந்தால் கதவுகள் தொங்கிவிடும். உளுத்த மரத்தையும் எறியாமல் வைத்திருந்து, அதனை அளவாகக் கொண்டே புதிய சட்டத்தைச் செதுக்குவர். பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் தடுப்புப் பட்டைகளில் கல்நாரும் இருக்கக்கூடும். அவற்றின் தூசி உடலுக்குக் கேடு விளைவிப்பதால் உரிய பாதுகாப்பின்றிச் சுரண்டுதல் கூடாது.

வரலாற்றறிவும் இங்கு இன்றியமையாதது. மகிழுந்துகளில் குரோமிய முலாம் பூசும் வழக்கம் 1920களின் பிற்பகுதியிலேயே பரவியது. அதற்குமுன் நிக்கல் முலாமே பூசப்பட்டது. 1922இல் செய்யப்பட்ட வண்டிக்குக் குரோமியம் பூசினால் வண்டி அழகாக மின்னலாம். ஆனால், அது தன் காலத்தைப் பற்றிப் பொய் சொல்லும்.

எங்கே நிறுத்துவது?

மீட்டெடுப்போர் முன்னுள்ள கடினமான வினா இதுவே. சிதைந்து உருக்குலைந்த வண்டியை முழுமையாகப் புதுப்பித்தல் தகும். ஆனால், முதல் வண்ணப்பூச்சும் முதல் தோல் இருக்கையும் ஓரளவேனும் நிலைத்திருக்குமாயின் அவற்றை அகற்றலாமா? வெடித்த வண்ணத்திலும் தேய்ந்த இருக்கையிலும் அக்காலத் தொழிலாளரின் கைத்தடமும் பயணித்தோரின் வாழ்வும் பதிந்துள்ளன. ஒருமுறை சுரண்டி எடுத்தபின் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் அவற்றைத் திரும்பப் பெற இயலாது. புதுப்பிக்கப்பட்டதை மீண்டும் புதுப்பிக்கலாம்; இழந்த மூலத்தை மீண்டும் உண்டாக்க முடியாது.

இவ்வுண்மையை ஆர்வலர்கள் மெல்ல மெல்லவே உணர்ந்தனர். 1950ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவின் பெபிள் கடற்கரையில் நிகழும் புகழ்மிக்க கண்காட்சியில், புதுப்பிக்கப்படாமல் காக்கப்பட்ட மகிழுந்துகளுக்கும் இன்று தனிப்பிரிவுகள் உள்ளன. மாசு நீக்குதல், துரு பரவாமல் தடுத்தல், பாதுகாப்பாக இயங்கச் செய்தல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதும் மீட்டெடுப்பே என்னும் எண்ணம் வலுப்பெற்றுள்ளது.

பழையதைப் புதியதாகக் காட்டுவது கைத்திறன். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் எனத் தெளிவது அறிவு. இவ்விரண்டும் இணையும்போதுதான் துருப்பிடித்த ஓர் ஊர்தி வெறும் விற்பனைப் பொருளாக நின்றுவிடாமல், தன் காலத்தின் மெய்யான சாட்சியாக அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.