மாலே அதுமிம்: முகாம் நகரமான கதை

ஜெருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் சாலையை நல்ல சமாரியன் கதை வழியாகப் பலருக்கும் தெரியும். அந்தச் சாலையோரத்துக் குன்றுகளில் 1975-இல் இருந்தது ஒரு தொழிலாளர் முகாம் மட்டுமே. தொழிற்பேட்டைக்கென்று இஸ்ரேல் பிரதமர் ராபினின் அரசு அனுமதித்த இடத்தில் சில குடும்பங்கள் தங்கின. 1977-இல் அடுத்து வந்த பிரதமர் பெகினின் அரசு அதை நிரந்தரக் குடியேற்றமாக்கியது. 1991-இல் நகர அந்தஸ்தும் கிடைத்தது. மேற்குக் கரைக் குடியேற்றங்களில் முதலில் நகரமானது இதுதான்.

இன்று அங்கே சுமார் நாற்பதாயிரம் பேர் வசிக்கிறார்கள். பள்ளிகள், வணிக வளாகம் எல்லாம் உண்டு. கொள்கைக்காக வந்தவர்களைவிட, ஜெருசலேமில் வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் வந்தவர்களே அதிகம். ரவுண்டானாக்களில் அடிமரம் முறுக்கேறிய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. நகரத்தைவிடப் பல மடங்கு வயதானவை. வேறெங்கோ வேர்விட்டவற்றைப் பெயர்த்துவந்து நட்டிருக்கிறார்கள்.

அந்தக் குன்றுகளில் முன்பு ஆடு மேய்த்தவர்கள் ஜஹாலின் பெடூயின்கள். நெகேவ் பாலைவனத்திலிருந்து துரத்தப்பட்டு 1950-களில் வந்தவர்கள். 1990-களில் நகரம் விரிந்தபோது அவர்களிடம் பட்டா இல்லை என்றாகிவிட்டது. அபு தீஸ் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சிலருக்கு வீடென்று கிடைத்தது இரும்புக் கன்டெய்னர். மேய்ச்சல் போனதும் மந்தையும் போயிற்று.

ஆக்கிரமித்த நிலத்தில் சொந்தக் குடிமக்களைக் குடியேற்றுவதை நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 49-ஆம் பிரிவு தடுக்கிறது. 1967 வரை மேற்குக் கரையை ஆண்ட ஜோர்டானுக்கு அங்கே அங்கீகரிக்கப்பட்ட இறையாண்மை இருந்ததில்லை, ஆகவே இது ஆக்கிரமிப்பு அல்ல, பிணக்குக்குரிய நிலம் என்பது இஸ்ரேல் அரசின் வாதம். ஆனால் முகாம் வருவதற்கு முன்பே, 1967 செப்டம்பரில், அதே அரசின் வெளியுறவு அமைச்சகச் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன், இது உடன்படிக்கைக்கு முரண் என்று ரகசியக் குறிப்பில் எழுதிவிட்டார். நாஜி முகாமில் சிறுவயதைக் கழித்த அவருடைய எச்சரிக்கையை மீறியே இவ்வளவும் கட்டப்பட்டன. தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை. 2016-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையும், 2024-இல் சர்வதேச நீதிமன்றமும் சொன்னது மெரோன் சொன்னதைத்தான்.

ஜெருசலேமுக்கும் மாலே அதுமிமுக்கும் இடையே ஈ-1 எனும் பகுதியில் சுமார் 3,400 வீடுகளுக்கு 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. கட்டி முடித்தால் ரமல்லாவுக்கும் பெத்லகேமுக்கும் நடுவே பாலஸ்தீன நிலம் துண்டாகும். அருகே கான் அல்-அஹ்மரில், பழைய டயர்களை அடுக்கி மண்பூசிக் கட்டிய பள்ளியில் ஜஹாலின் பிள்ளைகள் படித்தார்கள். அந்த ஊரை இடிக்க இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2018-இலேயே அனுமதி தந்துவிட்டது.