ஒரே நிலா, ஆயிரத்து முந்நூறு பிரிண்டுகள்

கருப்பு-வெள்ளைப் புகைப்படம் சேகரிப்பவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள்?

2006 அக்டோபரில் நியூயார்க்கில் சோத்பீஸ் நடத்திய ஏலத்தில் ஒரு கருப்பு-வெள்ளைப் புகைப்படம் 6,09,600 டாலருக்குப் போனது. ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்ஸிகோ' என்ற படம். பெரிய கறுத்த வானம், அதில் சின்னதாக ஒரு நிலா, கீழே பனி மலைகள், அதற்கும் கீழே ஒரு சிற்றூர், ஒரு தேவாலயம், சாயங்கால வெயிலில் பளிச்சிடும் கல்லறைச் சிலுவைகள். போஸ்டராக வாங்கினால் இதே படம் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். போஸ்டரை விடுங்கள், ஆடம்ஸ் தன் கையால் போட்ட பிரிண்டுகளே 1,300-க்கு மேல் இருக்கின்றன. அப்படியிருக்க, அந்த ஒரு தாளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை?

காட்சி எல்லோருக்கும் பொது. சந்தையில் விலை பேசப்படுவது ஒரு குறிப்பிட்ட தாள். அதை யார் போட்டார், எந்த ஆண்டு போட்டார், பிறகு யார் யார் கைக்குப் போனது என்ற மூன்றும் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன. படம் பிடித்துப்போனது என்பதற்காக மட்டும் பெருந்தொகை கொடுத்தவர்களுக்கு இந்த விவரம், விற்கப் போகும்போதுதான் பெரும்பாலும் தெரியவருகிறது.

இருட்டறையில் நடப்பது

1941 நவம்பர் 1, மாலை. காரில் வந்துகொண்டிருந்த ஆடம்ஸ் அந்தக் காட்சியைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி, பெரிய கேமராவை அவசரமாக நிறுத்தினார். ஒளி அளக்கும் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலாவின் வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே மனக்கணக்குப் போட்டு, ஒரு நொடி எக்ஸ்போஷர் கொடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது. தேதியைக்கூட அவர் குறித்துவைக்கவில்லை. நிலா நின்ற இடத்தை வைத்து வானியலாளர்கள் பிற்பாடு கணக்கிட்டுத்தான் நாளையும், மாலை 4:49 என்ற நேரத்தையும் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் எடுத்தது பாதி வேலைதான். அந்த நெகட்டிவ் பிரிண்ட் போட மகா சிரமமானது. தரைப்பகுதி மெலிந்து கிடந்தது. 1948-இல் ஆடம்ஸ் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் நனைத்து அழுத்தம் கூட்டினார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், அதில் மேகக் கீற்றுகள் தெரியும். வருஷங்கள் போகப்போக வானத்தை இருட்டாக்கிக்கொண்டே வந்தார். 1970-களின் பிரிண்டுகளில் அது கிட்டத்தட்ட கன்னங்கரேல். இளமையில் பியானோ கலைஞராக விரும்பியவர் அவர். நெகட்டிவை இசையமைப்புக்கும் பிரிண்டை மேடை வாசிப்புக்கும் ஒப்பிடுவது அவர் வழக்கம். நமக்குப் புரியும்படி சொன்னால், சாகித்யம் ஒன்று, கச்சேரிகள் ஆயிரத்து முந்நூறு. ஏலத்தில் 6 லட்சம் டாலரைத் தாண்டியது 1948-இல் நடந்த கச்சேரி.

1975-ஆம் ஆண்டு முடிவோடு பிரிண்டுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்துகிறேன் என்று ஆடம்ஸ் அறிவித்தார். கடைசி நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்து, அவற்றைப் போட்டு முடிக்கவே அவருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. எழுபதுகளின் 'மூன்ரைஸ்' சந்தையில் அடிக்கடி தென்படுவதும், பத்தாயிரக்கணக்கான டாலர்களில் நின்றுவிடுவதும் அதனால்தான்.

படம் எடுத்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குள் எடுத்தவரே போட்டதை, அல்லது அவர் மேற்பார்வையில் போடப்பட்டதை, 'வின்டேஜ் பிரிண்ட்' என்கிறார்கள். இது சட்டம் இல்லை, வியாபாரிகளுக்குள் இருக்கும் வழக்கம். கறாராகப் பார்த்தால் 1941 நெகட்டிவிலிருந்து 1948-இல் போட்டது இந்த வரையறைக்குள் வராது. அதற்கு முந்தைய பிரிண்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பதால் சந்தை அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே 'வின்டேஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் மயங்க வேண்டாம். எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

அப்பா எடுத்தது, மகன் போட்டது

எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த 'பெப்பர் எண் 30' உலகப் புகழ்பெற்றது. பார்க்கின்சன் நோய் முற்றியதால் 1948-க்குப் பிறகு அவரால் படம் எடுக்க முடியவில்லை. ஐம்பதுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல, மகன் பிரெட் பிரிண்ட் போட்டார். 1958-இல் அவர் இறந்த பிறகு, அவர் ஏற்கெனவே கொடுத்திருந்த அனுமதியின்படி இன்னொரு மகன் கோல் போட்டார். நெகட்டிவ் ஒன்றேதான். தந்தை போட்டது எட்டாத விலை, பிரெட் போட்டது அதற்கு வெகு கீழே, கோல் போட்டது சாதாரணச் சேகரிப்பாளரும் நெருங்கக்கூடிய விலை. தரத்தில் மூன்றும் இந்த அளவுக்கு வேறுபடுவதில்லை என்பது என் எண்ணம். கோலின் பிரிண்டுகள் அருமையானவை. ஆனால் சந்தை தேடுவது கைரேகையை.

பிரெட் வெஸ்டனும் பெரிய புகைப்படக் கலைஞர். தன் படங்களை இன்னொருவர் பிரிண்ட் போடக் கூடாது என்று உறுதியாக இருந்தவர், 1991 டிசம்பரில் தன் எண்பதாவது பிறந்தநாளன்று நெகட்டிவ்களில் பெரும்பாலானவற்றைத் தீயில் போட்டார்.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிடத் துயரமான கதை ஒன்று உண்டு. கொழும்பின் லயனல் வெண்ட், வழக்கறிஞருக்குப் படித்தவர், ஆடம்ஸைப் போலவே பியானோ பயின்றவர், தெற்காசியாவின் முதல் நவீனப் புகைப்படக் கலைஞர் என்று சொல்லத்தக்கவர். 1944-இல் 44 வயதில் இறந்தார். அதன் பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பது அவர் இருட்டறையில் போட்டுவைத்த தாள்கள் மட்டுமே. வெண்ட் பெயரில் புதிதாகப் போட்ட பிரிண்ட் என்று யாராவது கொண்டுவந்தால், அது பழைய தாளையோ புத்தகத்தையோ பார்த்து எடுத்த நகலாகத்தான் இருக்க முடியும்.

எண் போட்டால் அரிதா?

ஓரத்தில் 5/25 என்று பென்சிலில் எழுதியிருந்தால், 25-இல் ஐந்தாவது என்று பொருள். பழைய தலைமுறையில் இந்த வழக்கம் குறைவு. ஆன்ரி கார்த்தியே-பிரஸ்ஸோன் பிரிண்டுகளுக்கு எண் போட்டதில்லை. ரமண மகரிஷி மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் இருந்த புகைப்படக் கலைஞர் இவர்தான். இருட்டறையில் உட்காரும் பொறுமை அவருக்குக் கிடையாது. பாரிஸில் நம்பிக்கையான லேப் ஒன்று போட்டுக்கொடுக்கும், அவர் பார்த்து வெள்ளை ஓரத்தில் கையெழுத்திடுவார். 2004-இல் அவர் இறந்த பிறகு புதிய பிரிண்டுகள் விற்பனைக்கு வருவதில்லை. எண் இல்லாமலே எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது.

எண் இருந்தும் ஏமாறலாம். வண்ணப் படம்தான் என்றாலும் வில்லியம் எகிள்ஸ்டன் விவகாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை வரம்போடு முன்பு விற்ற அதே படங்களை அவர் 2012-இல் பெரிய அளவில், வேறு தொழில்நுட்பத்தில் புதிதாகப் போட்டு ஏலத்துக்கு விட்டார். பழையதை வாங்கிவைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். நியூயார்க் நீதிமன்றம் அடுத்த ஆண்டே அதைத் தள்ளுபடி செய்தது. 25 என்றால் இந்த அளவில் மட்டும் 25-ஆ, எல்லா அளவும் சேர்த்தா, கலைஞர் தனக்கென்று எடுத்துவைத்தவை எத்தனை என்பதையெல்லாம் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டார்ச் காட்டிக்கொடுத்த பொய்

லூயிஸ் ஹைன், அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டியவர். 1940-இல் வறுமையில் இறந்தார். 1990-களில் அவருடைய பிரிண்டுகள், குறிப்பாக 1920-இல் எடுத்த நீராவி எந்திர மெக்கானிக் படம், நல்ல விலைக்குப் போயின. பழையவை என்று சொல்லி விற்கப்பட்ட அவை கொஞ்சம் அதிகமாகவே சந்தையில் இருப்பதாக வியாபாரிகளுக்குச் சந்தேகம் தட்டியது. தாளை ஆராய்ந்தார்கள். பலவும் ஹைன் இறந்த பிறகு தயாரான தாள்கள்!

கண்டுபிடித்த வழிகளில் ஒன்று வெகு எளியது. வெள்ளைத் துணிக்கு நம் வீடுகளில் டினோபால் போடுவோமே, அதே வகை வெளுப்பு ரசாயனத்தை 1950-களிலிருந்துதான் புகைப்படத் தாளில் சேர்க்கத் தொடங்கினார்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், அந்தத் தாள் நீலமாக ஒளிரும். 1930-இல் போட்டதாகச் சொல்லப்படும் பிரிண்ட் அப்படி ஒளிர்ந்தால் பேச்சுவார்த்தையை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒளிரவில்லை என்பதால் மட்டும் அது பழையதாகிவிடாது. பின்னாளிலும் அந்த ரசாயனம் சேர்க்காத தாள்கள் இருந்திருக்கின்றன.

தாளே வயதைச் சொல்லும் இடங்கள் இன்னும் உண்டு. நாம் ஸ்டுடியோவில் வாங்கிப் பழகிய, பிளாஸ்டிக் பூச்சுள்ள வழவழப்புத் தாள் பரவலானது எழுபதுகளில்தான். அதற்கு முந்தையவை தாளின் மேல் பேரியம் பூச்சு, அதன் மேல் வெள்ளித் துகள் கலந்த ஜெலட்டின் என்று அமைந்தவை. இன்னும் பின்னால் போனால் தாளே வேறு. லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த காலத்தில் ஜெலட்டின் தாள் கிடையாது. அவர் படங்கள் பழுப்பேறிய நிறத்தில்தான் இருக்கும். 'ட்ரைப் எடுத்த மதுரை' என்று பளபளப்பான கருப்பு-வெள்ளையைக் காட்டினால் அது பிற்கால நகல். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது புள்ளி புள்ளியாக மை தெரிந்தால் இன்க்ஜெட் அல்லது அச்சு. வெள்ளிப் பிரிண்டில் சாயல் இழைந்து ஓடும்.

படத்தைத் திருப்பி முதுகைப் பார்க்காமல் எந்த விவரமறிந்த சேகரிப்பாளரும் பணம் கொடுப்பதில்லை. ஆடம்ஸ் பிரிண்டை அட்டையில் ஒட்டி, அட்டையின் முன்பக்கம் கையெழுத்திட்டு, பின்பக்கம் முகவரி முத்திரை குத்துவார். 1962-இல் அவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கார்மெலுக்குக் குடிபோனார். முத்திரையில் கார்மெல் முகவரி இருந்தால், அந்தப் பிரிண்ட் அதற்குப் பிறகுதான் அவரிடமிருந்து வெளியே போயிருக்கும். அட்டை அழுக்காக இருக்கிறதே என்று பிரித்தெடுத்தால் பாதி மதிப்பையும் சேர்த்துப் பிரித்தெடுத்த மாதிரி.

நெகட்டிவ் கிடைத்தாலே கோடீஸ்வரர் ஆகிவிடலாம் என்ற ஆசையும் பரவலாக இருக்கிறது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஒருவர் 2000-இல் பழைய சாமான் விற்பனையில் 65 கண்ணாடி நெகட்டிவ்களை 45 டாலருக்கு வாங்கினார். இவை ஆடம்ஸின் தொலைந்துபோன படங்கள், மதிப்பு 20 கோடி டாலர் என்று 2010-இல் அறிவிப்பு வந்தது. எடுத்தவர் வேறொருவர் என்று உடனே மறுப்பும், பின்னாலேயே வழக்கும் வந்தன. கடைசியில், ஆடம்ஸ் பெயரைப் பயன்படுத்தி விற்பதில்லை என்ற சமரசத்தில் வழக்கு முடிந்தது. அவை ஆடம்ஸுடையவையாகவே இருந்திருந்தாலும், அவர் கை படாத பிரிண்டுக்கு அந்த விலை வந்திருக்காது.

நம் ஊர்ச் சுவரில்

வாங்குவதைவிடக் காப்பாற்றுவது கடினம், அதிலும் சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில். ஜெலட்டின் ஈரத்தைக் குடித்து இளகும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. தாத்தா படத்தைக் கழற்றும்போது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு முகம் உரிந்து வருவதைப் பார்க்காத வீடு உண்டா? படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விட்டிருந்தால் அது நடந்திருக்காது. ஃபிரேம் கடையில் ஹார்ட்போர்டில் பசை தடவி ஒட்டிக்கொடுப்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அமிலம் இல்லாத அட்டையைக் கேட்டு வாங்குங்கள், நான்கு மூலையிலும் காகிதக் கொக்கியால் பொருத்தச் சொல்லுங்கள். வெளிச்சுவர் வேண்டாம், சமையலறைச் சுவர் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலீடாக இது லாபமா என்று கேட்பவர்கள் உண்டு. மான் ரேயின் 1924-ஆம் ஆண்டுப் படம் ஒன்று 2022-இல் கிறிஸ்டீஸில் 1.24 கோடி டாலருக்குப் போனது உண்மைதான். அந்த மாதிரித் தாள்கள் உலகத்தில் சிலவே. மற்றவர்களுக்கு, ஏல நிறுவனம் வாங்குபவரிடமும் விற்பவரிடமும் எடுத்துக்கொள்ளும் கழிவே லாபத்தை விழுங்கிவிடும். ரசனைக்காக வாங்குங்கள். ஆடம்ஸ்தான் வேண்டும் என்றால், அவரிடம் உதவியாளராக இருந்த ஆலன் ராஸ் 1975 முதல் அசல் நெகட்டிவ்களிலிருந்தே போட்டுவரும் யோசமிட்டிப் படங்கள், ஆடம்ஸ் குடும்பத்தாரின் கடையில், ஆடம்ஸே போட்ட பிரிண்டின் விலையில் சிறு துளிக்குக் கிடைக்கின்றன. அதைவிட நல்ல வழி, இன்று நம்மிடையே இருந்து, இருட்டறையில் தன் கையால் பிரிண்ட் போடும் கலைஞரிடம் நேராக வாங்குவது. சந்தேகம் வந்தால் அவரையே கேட்கலாம்.

யாரிடம் வாங்கினாலும் எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு, போட்டவர் பெயர், தாளின் வகை, மொத்தம் எத்தனை என்ற ஐந்தையும் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித்தரத் தயங்குபவரிடம் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.