தலைக்குட்டையின் எடை: துணியும் அளவும்

தலைக்குட்டை என்பது தலையிலோ கழுத்திலோ கட்டிக்கொள்ளும் சதுர வடிவத் துணியாகும். இன்று கடைகளில் இது பந்தனா என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. 'கட்டுதல்' என்று பொருள்படும் வடஇந்தியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. துணியை முடிச்சிட்டுக் கட்டிச் சாயம் தோய்க்கும் முறையை அச்சொல் முதலில் குறித்தது. மதுரைச் சுங்குடியும் அதே முறையில் உருவாவதுதான்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே உள்ள ஊர் சுங்குவார்சத்திரம். இவ்வூரையும் ஒரகடத்தையும் சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு இருசக்கர வண்டியில் செல்வோர் பலர், வியர்வைக்காகத் தலைக்கவசத்தின் உள்ளே ஒரு குட்டையைக் கட்டிக்கொள்கின்றனர். கையில் கனமாக இருந்தால் நல்ல துணி என்று எண்ணி வாங்குவது வழக்கம். எடை எதனால் கூடுகிறது என்று தெரிந்தால் அந்த எண்ணம் எவ்வளவு சரி என்பது விளங்கும்.

அளவும் எடையும்

ஒரு குட்டையின் எடை இரண்டு எண்களின் பெருக்கல்: ஒன்று அதன் பரப்பளவு, மற்றொன்று ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. பின்னதை நெசவுத் தொழிலில் ஜி.எஸ்.எம். என்பர். 100 ஜி.எஸ்.எம். துணி என்றால் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள துண்டு 100 கிராம் இருக்கும்.

100 ஜி.எஸ்.எம். துணியில் வெட்டிய சதுரக் குட்டைகளின் எடை ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

14 அங்குலம் – 13 கிராம்
18 அங்குலம் – 21 கிராம்
22 அங்குலம் – 31 கிராம்
27 அங்குலம் – 47 கிராம்
36 அங்குலம் – 84 கிராம்

18 அங்குலக் குட்டையையும் 36 அங்குலக் குட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கம் இரண்டு மடங்குதான் ஆகிறது; எடையோ நான்கு மடங்காகிறது. சதுரத்தின் பரப்பளவு பக்கத்தின் வர்க்கம் என்று ஆறாம் ஏழாம் வகுப்பில் படித்ததே இங்கும் பொருந்துகிறது. சில அங்குலம் கூடினாலே கனம் நன்றாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

நூலின் பருமன்

ஜி.எஸ்.எம். அளவை முடிவு செய்பவை நூலின் பருமனும் நெருக்கமும். பருத்தி நூலின் பருமனை நம்பர் அல்லது கவுண்ட் என்று சொல்வார்கள். 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே அந்த நூலின் நம்பர். ஆகவே நம்பர் கூடக்கூட நூல் மெல்லியதாகும். 40ஆம் நம்பர் நூலைவிட 20ஆம் நம்பர் நூல் ஒரே நீளத்துக்கு இரண்டு மடங்கு எடையுள்ளது.

பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 60 இழைகள் வீதம் நெய்த துணிகளை எடுத்துக்கொள்வோம். நெசவில் இழை வளைந்து செல்வதால் கூடும் நீளத்துக்கு 5 விழுக்காடு சேர்த்துக் கணக்கிட்டால், 60ஆம் நம்பர் நூலில் சுமார் 49 ஜி.எஸ்.எம்., 40ஆம் நம்பரில் 73, 20ஆம் நம்பரில் 146 வரும். 22 அங்குலக் குட்டை முறையே 15, 23, 46 கிராம் இருக்கும். அளவு மாறாமலே எடை மூன்று மடங்காகிவிட்டது.

கஞ்சியும் ஈரமும்

புதுத் துணியின் எடையில் ஒரு பகுதி கஞ்சியாக இருக்கலாம். நெசவின்போது பாவு அறுந்துவிடாமல் இருக்கவும், விற்பனையில் மொடமொடப்பாகத் தெரியவும் கஞ்சி இடுவதுண்டு. துவைத்ததும் அது போய்விடும். துவைத்த பருத்தி சுருங்குவதும் உண்டு. 22 அங்குலக் குட்டை 21 அங்குலமானால், கஞ்சி இல்லாத துணியில் எடை மாறாது; பரப்பு குறைந்ததால் 100 ஜி.எஸ்.எம். துணி 110 ஜி.எஸ்.எம். ஆகிவிடும்.

காற்றின் ஈரமும் கணக்கில் சேரும். உலர்ந்த பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கும் என்பது வணிகத்தில் கொள்ளப்படும் அளவு. பாலியஸ்டருக்கு அது 0.4 விழுக்காடுதான். முற்றிலும் உலர்ந்த நிலையில் 30 கிராம் உள்ள பருத்திக் குட்டை இரண்டரை கிராம் வரை கூடலாம். அதே எடையுள்ள பாலியஸ்டர் குட்டையில் மாற்றம் தெரியாது. வியர்வையை உறிஞ்சப் பருத்தி ஏற்றது என்பதற்கும், பாலியஸ்டர் விரைவில் உலர்ந்துவிடுகிறது என்பதற்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

சென்னைக் கைக்குட்டை

தமிழகத்துக்கும் தலைக்குட்டைக்கும் பழைய உறவு உண்டு. சென்னைத் துறைமுகத்தின் பெயரால் மெட்ராஸ் கைக்குட்டை என்று அழைக்கப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஏற்றுமதியானது. பெயர் கைக்குட்டை என்றாலும் அது சுமார் 36 அங்குலச் சதுரம். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் அதைத் தலையில் கட்டினர். ஜமைக்காவில் இக்கட்டத் துணிக்கே பந்தனா என்று பெயர். அந்நாட்டின் மரபு உடையும் அதில்தான் தைக்கப்படுகிறது. நைஜீரியாவின் களபாரி மக்கள் அதை இஞ்சிரி என்கின்றனர். வெப்ப நாடுகளில், அத்தனை பெரிய துணியைத் தலையில் சுற்றிக்கொள்ள வேண்டுமானால் நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். மேலே கண்ட 146 ஜி.எஸ்.எம். துணியில் 36 அங்குலச் சதுரம் 122 கிராம் ஆகும்; 49 ஜி.எஸ்.எம். துணியில் 41 கிராம்தான்.

தேர்ந்தெடுக்கும் முறை

தலைக்கவசத்தின் உள்ளே கட்டுவதற்கு மெல்லிய நூலில் நெய்த, தேவைக்கு மேல் பெரிதாக இல்லாத பருத்திக் குட்டை போதும். தடித்த துணியின் மடிப்பும் முடிச்சும் தலைக்கவசத்தைச் சரியாக அமர விடாது. இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர்கள் குட்டையின் முனைகள் தொங்காமல் செருகிக்கொள்ள வேண்டும். சுழலும் பாகம் துணியின் நுனியைப் பிடித்தால் ஆளையே இழுத்துவிடும். ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கும் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு விதித்தது இதனால்தான்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே வகையான பத்துப் புதுக் குட்டைகளைச் சமையலறைத் தராசில் வைத்து, வரும் எடையைப் பத்தால் வகுக்கவும். பக்கத்தை மீட்டரில் அளந்து வர்க்கப்படுத்தினால் பரப்பு கிடைக்கும். எடையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஜி.எஸ்.எம். பிறகு துவைத்து, நன்றாகக் காயவைத்து, மீண்டும் நிறுக்கவும். குறைந்த எடை, பெரும்பாலும் கஞ்சிக்குக் கொடுத்த காசு. துவைத்த துணியின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு விரைவில் உள்ளே இறங்குகிறது என்றும் பார்க்கவும். வியர்வைக்குக் குட்டை வாங்குபவருக்கு எடையைவிட இந்தச் சொட்டே கூடுதலாகச் சொல்லும்.