எந்தக் கார்டை மூடுவது? எந்தக் கார்டை வைத்துக்கொள்வது?

விழுப்புரம் ஜில்லாவில், ஆரோவில்லுக்குப் பக்கத்தில் இரும்பை என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தேவாரப் பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் இருக்கும் ஊர். அந்த ஸ்தலத்தின் கதையில் வருகிறவர் கடுவெளிச் சித்தர். அவர் பெயரால் வழங்கும் பாட்டில் வருகிற ஆண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதக்கணக்காகக் குயவனைக் கெஞ்சி ஒரு மண் பாண்டத்தை வாங்கினான். வாங்கின சந்தோஷத்தில் ஆடி, அதைத் தூள் தூளாக்கிவிட்டான்.

சித்தர் சொன்னது மனித உடம்பைப் பற்றி. ஆனால் நம் கைப்பையில் இருக்கும் கிரெடிட் கார்டுகளுக்கும் அந்தக் கதை பொருந்தத்தான் செய்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: நாம் யாரையும் கெஞ்சவில்லை, பாங்கிக்காரர்கள்தான் நம்மைக் கெஞ்சினார்கள். சம்பளக் கணக்கு வைத்திருக்கும் பாங்கி ஒன்று கொடுத்தது. ஜவுளி வாங்கப் போன இடத்தில் ஒன்று, பெட்ரோல் பங்க்கில் ஒன்று, விமான நிலையத்தில் புன்னகையோடு நின்ற பெண்ணிடம் ஒன்று. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, புருஷன் மனைவி இருவரிடமுமாக ஏழெட்டு கார்டுகள் இருக்கும் வீடுகள் இன்று எத்தனையோ!

இந்தக் கார்டு விவகாரம் 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற பெயரில் ஆரம்பமாயிற்று. ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு மாத முடிவில் பணம் கட்டுவதற்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். 1961-ல் அது இந்தியாவுக்கு வந்தது. 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா தன் கார்டைக் கொண்டுவந்தது. அந்த நாட்களில் கார்டு வைத்திருப்பவர் பெரிய மனிதர். 2024-ம் வருஷத் தொடக்கத்திலோ நம் தேசத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது!

"இத்தனை எதற்கு? நாலைந்தை ஒழித்துக் கட்டுவோம்" என்று உங்களுக்குத் தோன்றினால் அது நல்ல யோசனைதான். ஆனால் கோபத்தில் கத்திரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். கார்டை வெட்டிப் போடுவதனால் கணக்கு மூடப்படுவதில்லை. வருஷக் கட்டணம் சத்தமில்லாமல் ஏறும். கட்டாவிட்டால் அதற்கு அபராதமும் வட்டியும் ஏறும். தவிரவும், எந்தக் கார்டு போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு காகிதம்

பீரோவில், கைப்பையில், அவருடைய பர்ஸில் இருக்கும் எல்லாக் கார்டுகளையும் மேஜைமேல் பரப்புங்கள். ஒரு காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் இவற்றைக் குறியுங்கள்: எந்தப் பாங்கி, எந்த வருஷம் வாங்கியது, யார் பெயரில் உள்ளது, எவ்வளவு வரம்பு, வருஷக் கட்டணம் எவ்வளவு, எந்த மாதம் விழுகிறது, பாக்கி உண்டா, எந்த பில் தானாக அதிலிருந்து போகிறது. கடைசி விஷயம் முக்கியம். டெலிபோன், இன்ஷூரன்ஸ், குழந்தை பார்க்கும் சினிமாச் சந்தா ஆகியவை எந்தக் கார்டில் தொங்குகின்றன என்பது பலருக்கு ஞாபகமே இருக்காது.

இந்தக் காகிதத்தை எழுதி முடித்ததுமே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

போக வேண்டியவை

முதலில் போக வேண்டியது, கட்டணம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் கார்டு. கட்டணம் 1,000 ரூபாய் என்றால் அதன் மேல் 18 சதவீத வரி சேர்த்து 1,180 ரூபாய். இப்படி மூன்று கார்டு இருந்தால் வருஷத்துக்கு 3,540 ரூபாய்! "வருஷத்தில் ஒரு லட்சம் செலவு செய்தால் கட்டணம் கிடையாது" என்று சொல்வார்கள். வழக்கமான வீட்டுச் செலவே அவ்வளவு ஆகிறதென்றால் சரி. 1,180 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக வேண்டாத சாமானை வாங்குவது எந்த ஊர்ச் சிக்கனம்?

அடுத்தது, ஒரே பாங்கியில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது கார்டு. பல பாங்கிகள் ஒருவருடைய எல்லாக் கார்டுகளுக்கும் சேர்த்து ஒரே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன. அப்படியானால் அவற்றில் ஒன்றை மூடினாலும் உங்கள் வரம்பு குறையாது. உங்கள் பாங்கியில் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீங்கள் இப்போது போகாத கடையின் பெயர் போட்ட கார்டு. நான்காவது, கையில் இருந்தாலே செலவு செய்யத் தூண்டும் கார்டு. அது எது என்று பிறர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

பாக்கி உள்ள கார்டு விஷயம் வேறு. பாக்கியைத் தீர்க்காமல் அதை மூட முடியாது. மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி என்பது கார்டுகளில் சாதாரணம். மூன்றரை சதவீதம் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. வருஷத்துக்கு அது 42 சதவீதம்! 20,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 700 ரூபாய் வட்டி, அதன் மேல் வரி 126 ரூபாய். இது போதாதென்று, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத தவணை நாட்கள் கிடைக்காது. பல கார்டுகளில் பாக்கி இருந்தால், எல்லாவற்றிலும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு, வட்டி அதிகமான கார்டுக்கு மிச்சப் பணத்தையெல்லாம் போடுங்கள். அது தீர்ந்ததும் அடுத்தது. மூடுகிற பேச்சு அதற்கப்புறம்.

இருக்க வேண்டியவை

இரும்பையிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வரும். அங்கே எல்லாப் பாத்தியிலும் உப்பு விளைவதில்லை. சில பாத்திகள் தண்ணீரைத் தேக்கி, வெயிலில் காயவைத்து, உப்புச் செறிவை ஏற்றிக் கொடுக்கும்; அதற்கப்புறம்தான் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். "இதில் உப்பு இல்லையே" என்று முதல் பாத்தியை மண் போட்டு மூடினால் கடைசிப் பாத்தியும் பாழ்தான்.

உங்களுடைய பழைய கார்டு அந்த முதல் பாத்தி மாதிரி. உபயோகமில்லாதது போலத் தோன்றும். ஆனால் வீட்டுக் கடனோ பிள்ளையின் படிப்புக் கடனோ கேட்கப் போகும்போது, பாங்கி முதலில் பார்ப்பது உங்கள் கடன் மதிப்பெண்ணை. சிபில் முதலான கடன் தகவல் கம்பெனிகள் 300 முதல் 900 வரை போடும் மார்க்கு அது. எத்தனை வருஷமாக ஒழுங்காகப் பணம் கட்டி வருகிறீர்கள் என்பதும் அந்த மார்க்கில் சேரும். ஆகவே பத்து வருஷத்துக் கார்டு ஒன்று கட்டணமில்லாமல் இருந்தால், அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மூன்று பாங்கிக் கார்டுகளில் வரம்பு முறையே ஒரு லட்சம், ஒரு லட்சம், ஐம்பதினாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இரண்டரை லட்சம். மாதச் செலவு 50,000 என்றால் வரம்பில் 20 சதவீதத்தைத்தான் உபயோகிக்கிறீர்கள். இரண்டை மூடி ஒரு லட்சக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டால் அதே செலவு 50 சதவீதமாகிவிடும். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான யோசனை. எனவே ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ பெரிய கடன் வாங்கும் உத்தேசம் இருந்தால், அது கைக்கு வரும் வரையில் கார்டுகளை மூட வேண்டாம். அப்படி எந்த உத்தேசமும் இல்லையென்றால், மதிப்பெண் கொஞ்சம் இறங்குவதை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வைத்துக்கொள்ளும் கார்டை அடியோடு மறந்துவிடவும் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் உபயோகிக்காத கார்டை, உங்களுக்குத் தெரிவித்து, 30 நாள் பதில் இல்லாவிட்டால் பாங்கியே மூடிவிட வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் 2022-ம் வருஷத்து விதி. மின்சார பில்லை அதில் கட்டி வந்தால் போதும்.

யார் பெயரில் இருக்கிறது?

சகோதரிகளே, இந்தக் கேள்வியைத்தான் நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. உங்கள் கையில் இருக்கும் கார்டில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கலாம். ஆனால் அது உங்கள் கணவருடைய கார்டின் துணைக் கார்டாக இருந்தால், கணக்கு அவருடையது, பொறுப்பும் அவருடையது. நீங்கள் எத்தனை வருஷம் சிக்கனமாகச் செலவு செய்திருந்தாலும் அந்த நல்ல பெயர் பெரும்பாலும் அவர் கணக்கில்தான் எழுதப்படும். அவர் கார்டை மூடினால் உங்களுடையதும் அன்றே செல்லாது.

சொல்லக் கூடாத விஷயம்தான். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அவருக்கு ஒன்று நேர்ந்துவிட்டால், துக்கத்தின் நடுவில், மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் அந்தத் துணைக் கார்டு வேலை செய்யாமல் நிற்கும். அதற்கப்புறம் பாங்கியில் போய்த் தன் பெயரில் ஒன்று கேட்டால், இருபத்தைந்து வருஷம் குடும்பத்தை நிர்வகித்தவளைப் பற்றி அவர்களுடைய புத்தகத்தில் ஒரு வரி கூட இருக்காது.

ஆகையால், வீட்டில் கார்டுகளைக் குறைக்கும்போது, மனைவியின் சொந்தப் பெயரில் உள்ள கார்டு எதுவோ அதைக் கடைசி வரையில் தொடாதீர்கள். அப்படி ஒன்றுமே இல்லையென்றால், மற்றதை மூடுவதற்கு முன் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெயரில் நிரந்தர வைப்பு நிதி ஒன்று போட்டால், அதன் ஈட்டின் பேரில் பல பாங்கிகள் கார்டு கொடுக்கின்றன. ஐந்தாறு கார்டுகளை மூடிவிட்டு இந்த ஒன்றைச் சேர்த்தால், அது கூட்டலல்ல, சிக்கனம்தான்.

மூடும் முறை

ஒரே நாளில் எல்லாவற்றையும் மூட வேண்டாம்; மாதம் ஒன்றாகப் போதும். முதலில் அந்தக் கார்டில் சேர்ந்திருக்கும் பரிசுப் புள்ளிகளை உபயோகித்துவிடுங்கள். தானாகப் போகும் பில்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். தவணை ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பாக்கியைப் பைசா விடாமல் கட்டிவிட்டு, அடுத்த மாதக் கணக்கு பூஜ்யமாக வருகிறதா என்று கவனியுங்கள்.

பிறகு மூடச் சொல்லுங்கள். டெலிபோன், ஈமெயில், பாங்கியின் வலைத்தளம், மொபைல் ஆப் எதன் மூலமாகவும் சொல்லலாம். தபாலில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று பாங்கி வற்புறுத்தக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் பாங்கி உங்களுக்குக் கொடுக்க வேண்டும். இவை எல்லாம் அதே 2022-ம் வருஷத்து விதிகளில் உள்ளவை. பலருக்கு இவை தெரியாததால்தான், "அந்த ஆபீசர் இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்பதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம்.

"மூட வேண்டாம் அம்மா, கட்டணத்தைத் தள்ளிவிடுகிறோம்" என்று எதிர்முனையில் இனிமையாகச் சொல்வார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். "இந்த வருஷத்துக்கு மட்டுமா, எப்போதைக்குமா?" என்று கேளுங்கள். எப்போதைக்கும் என்றால், அதுவும் பழைய கார்டு என்றால், வைத்துக்கொள்ளலாம். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூடியதற்கும் எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். இரண்டொரு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹை மார்க் ஆகிய நான்கு கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதில் அந்தக் கார்டு மூடப்பட்டதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கத்திரிக்கோலுக்கு வேலை. சின்னத் தகடு இருக்கிறதே, அதன் குறுக்கே வெட்டுங்கள். பாங்கி 30 நாளாகியும் உங்கள் புகாருக்குப் பதில் சொல்லாவிட்டால், ரிசர்வ் பாங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

ஒரு ஜாக்கிரதை. யாராவது தாங்களாக டெலிபோன் செய்து, "உங்கள் கார்டை மூடித் தருகிறோம், வந்திருக்கும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்றால், ஒரு எண்ணும் சொல்லாதீர்கள். போனை வைத்துவிட்டு, கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்ல வேண்டும்.

எத்தனை போதும்?

சாதாரணக் குடும்பத்துக்கு, கணவர் பெயரில் ஒன்றோ இரண்டோ, மனைவி பெயரில் ஒன்று. அவற்றில் ஒன்று ரூபே கார்டாக இருப்பது சௌகரியம். கார்டு இயந்திரம் இல்லாத சின்னக் கடையிலும், 2022 முதல், யு.பி.ஐ. மூலம் அதை உபயோகிக்க முடிகிறது. இரண்டும் வெவ்வேறு பாங்கியாக இருந்தால், ஒன்று மக்கர் செய்யும்போது மற்றது கைகொடுக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும், வெற்றிலைத் தட்டுக்குப் பதிலாக அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். முதல் கேள்வி, "எதை மூடலாம்?" என்பதாக இருக்க வேண்டாம். "இவற்றில் என் பெயரில் எது இருக்கிறது?" என்று நீங்கள் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு சுலபம்.